பெண் பிள்ளையின் பங்கு

ஆண் பிள்ளைக்கு ஒரு நீதி, பெண் பிள்ளைக்கு ஒரு நீதி என்று யாராவது சொன்னால் கோபப்படாத தகப்பன் கிடையாது. "எனக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றே எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லுகிறவர் பொய் சொல்லுகிறார் என்றும் நினைக்க வேண்டியதில்லை. மகள் காய்ச்சலில் படுத்தால் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கும் தகப்பன்மார்தான் ஏராளம். அப்படியிருக்க, நாடு முழுவதையும் சேர்த்துக் கணக்கெடுத்துப் பார்த்தால் பெண் குழந்தைக்குத் தாய்ப்பால் குறைந்திருக்கிறது, வளர்த்தி குறைந்திருக்கிறது. மனத்தில் பேதம் இல்லாத வீட்டில் பேதம் எந்த வழியாக நுழைகிறது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல வருஷங்களாக ஆராய்ச்சி செய்துவருகிறவர் சீமா ஜெயச்சந்திரன் என்ற பொருளாதார நிபுணர். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருக்கிறார். பொருளாதார நிபுணர் என்றால் பட்ஜெட்டில் துண்டு விழுவதைப் பற்றியும் நோட்டு அச்சடிப்பதைப் பற்றியும் பேசுகிறவர் என்று எண்ணுவதுதான் வழக்கம். தாய்ப்பாலைப் பற்றிப் பொருளாதாரம் என்ன சொல்ல முடியும் என்று தோன்றும். உண்மையில் அவருடைய ஆராய்ச்சிகளில் சாமானியக் குடும்பங்களுக்கு மிகவும் சமீபமானது தாய்ப்பாலைப் பற்றியதுதான்.

இலியானா குஸீம்கோ என்ற இன்னொரு நிபுணருடன் சேர்ந்து 2011-ல் அவர் வெளியிட்ட கட்டுரை அது. இந்தியாவில் எடுக்கப்பட்ட குடும்ப சுகாதார சர்வேக்களை வைத்துக்கொண்டு, எந்தக் குழந்தைக்கு எத்தனை மாதம் தாய்ப்பால் கிடைத்தது என்று கணக்குப் பார்த்தார்கள். ஆண் குழந்தையைவிடப் பெண் குழந்தைக்குப் பால் சீக்கிரம் நிறுத்தப்படுகிறது. மூத்த அண்ணன் இல்லாத குழந்தைக்கும் சீக்கிரம் நிறுத்தப்படுகிறது. கடைக்குட்டியாக, இதோடு போதும் என்று பெற்றோர் நினைக்கும் சமயத்தில் பிறந்த குழந்தைக்கு அதிக நாள் கிடைக்கிறது.

காரணம் வெறுப்பு என்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது காரணமல்ல. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வரையில் மறுபடி கர்ப்பம் தரிப்பது தாமதப்படும் என்பது பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதி. வைத்திய சாஸ்திரமும் அதை ஒப்புக்கொள்கிறது. மடியில் இருப்பது பெண். வீட்டில் இன்னும் பையன் இல்லை. அடுத்தது சீக்கிரம் வந்தால் தேவலை என்ற நினைப்பு வந்தவுடன், வேப்பெண்ணெயைத் தடவிப் பால் மறக்கடித்துவிடுகிறார்கள். அல்லது அடுத்த கர்ப்பம் வந்துவிடுகிறது, பால் தானாக நிற்கிறது. பையன் பிறந்திருந்தால் அவசரம் இல்லை. அவன் பாட்டுக்கு இரண்டு வயது வரை குடித்துக்கொண்டிருப்பான்.

மகள் பேரில் தாய்க்குப் பிரியம் இல்லாமலா? இருக்கிறது. ஆனால் பால் மறந்த குழந்தைக்கு அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் கலந்த பால், சரியாகக் கழுவாத புட்டி, காய்ச்சாத தண்ணீர். சுத்தமான குடிதண்ணீர் இல்லாத இடங்களில் குழந்தை மரணத்திலும் இதே வித்தியாசம் தெரிகிறது என்று அந்தக் கட்டுரை காட்டுகிறது. யாரும் திட்டமிடாமல், யாரும் மனத்தாலும் நினைக்காமல், ஒரு பெண் குழந்தையின் உயிர் பறிபோகிறது. செய்தவர் என்று ஒருவரைக் காட்டவும் முடியாது. குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கும் குடிசைப் பகுதிகளில் குடியிருக்கும் தமிழர்கள் மற்றவர்களைவிட அதிகமாக யோசிக்கவேண்டிய இடம் இது.

"இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டுமா? எங்கள் ஆத்தாவைக் கேட்டால் சொல்லியிருப்பாளே" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் ஆத்தாவுக்குத் தன் தெருவில் நடந்ததுதான் தெரியும். லட்சக்கணக்கான வீடுகளில் அதே காரியம் ஒரே விதமாக நடக்கிறது என்பதும், எந்த வீட்டில் அதிகம், எந்த வீட்டில் குறைவு என்பதும் எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எண்ணிப் பார்த்ததில் தெரிந்த இன்னொரு சங்கதி, இந்தியக் குழந்தைகளின் உயரத்தைப் பற்றியது. ஆப்பிரிக்காவில் இந்தியாவைவிட ஏழையான நாடுகள் பல இருக்கின்றன. ஆனாலும் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத குழந்தைகள் அங்கே இருப்பதைவிட இந்தியாவில் அதிகம். இது நெடுநாளாகப் புரியாத புதிராக இருந்துவந்தது. இந்தியர்களின் உடல்வாகே அப்படித்தான் என்றார்கள் சிலர். சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டே என்ற நிபுணரும் 1,68,000-க்கு மேற்பட்ட குழந்தைகளின் அளவுகளை எடுத்து, மூத்தது, இரண்டாவது, மூன்றாவது என்று பிரித்துப் பார்த்தார்கள். 2017-ல் அந்தக் கட்டுரை வெளியாயிற்று.

பிரித்தவுடன் புதிர் பாதி அவிழ்ந்துவிட்டது. இந்தியாவின் மூத்த மகன் ஆப்பிரிக்காவின் மூத்த மகனுக்குக் குட்டையாக இல்லை. உடல்வாகுதான் காரணம் என்றால் அவனும் அல்லவா குட்டையாக இருக்கவேண்டும்? இரண்டாவது குழந்தையிலிருந்து வித்தியாசம் ஆரம்பிக்கிறது. மூன்றாவது, நான்காவது என்று போகப்போக அதிகரிக்கிறது. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தாலேயே வருகிறது என்பது அவர்களுடைய மதிப்பு. குடும்பத்துக்குக் கொள்ளி வைக்கவும் குலம் விளங்கவும் வந்தவன் என்று மூத்த மகனுக்குப் பால், முட்டை, டாக்டர், ஊசி எல்லாம் முறையாக நடக்கின்றன. பின்னால் வருகிறவர்களுக்கு மிச்சம் மீதிதான். ஆண் பிள்ளை மோகம் அதிகமுள்ள பகுதிகளில் இந்தச் சரிவு செங்குத்தாக இருக்கிறது. குறைவான பகுதிகளில் அவ்வளவாக இல்லை.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மூத்த மகன் மோகத்தால் நஷ்டப்படுவது பெண் மட்டுமல்ல, இளைய மகனும்தான். ஆனால் எல்லோரையும்விட அதிகம் நஷ்டப்படுவது, அக்காவுக்குப் பின்னால் பிறந்த தங்கை. அவள் பிறந்தபோதே, இனி ஒரு பையனுக்காக இன்னொரு பிரசவம் உண்டு, அதற்கு வேண்டியதை இப்போதே பிடித்துவைக்க வேண்டும் என்று வீடு நினைத்துவிடுகிறது. வந்தவளின் பங்கிலிருந்து வராதவனுக்கு எடுத்துவைக்கிறார்கள்.

அப்படியானால் குழந்தைகளைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும் அல்லவா? சிவப்பு முக்கோணத்தைச் சுவரில் எழுதிய காலத்திலிருந்து சொல்லிவருவது அதுதானே? இரண்டே பிள்ளைகள் இருந்தால் இரண்டுக்கும் நன்றாகக் கொடுக்கலாம். உண்மைதான். ஆனால் இங்கே ஒரு கணக்கு குறுக்கே நிற்கிறது. கூட்டல் கழித்தல் தெரிந்தவர் யாரும் போட்டுப் பார்க்கலாம்.

பதினாறு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நான்கு குழந்தைகள். ஆணும் பெண்ணும் பிறப்பது ஏறக்குறையச் சரிபாதி என்றால், நான்கும் பெண்ணாகப் போகும் குடும்பம் சுமார் ஒன்றுதான் இருக்கும். மற்ற பதினைந்திலும் ஒரு பையனாவது இருப்பான். அதே பதினாறு குடும்பங்களும் இரண்டோடு நிறுத்திக்கொண்டால், பையன் இல்லாத வீடு நான்கு. ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் எட்டு. ஒரு பையனாவது வேண்டும் என்ற ஆசை மட்டும் பழையபடியே இருந்து, குடும்பம் மட்டும் சுருங்கினால், முன்பு ஒரு வீட்டில் இருந்த கவலை இப்போது எட்டு வீடுகளுக்கு வந்துவிடுகிறது. நாலு பெற்ற தாய்க்குத் தானாகக் கிடைத்தது, ஒன்று பெறுகிறவளுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. அப்போது ஸ்கேன் மெஷினைத் தேடிப் போகிறார்கள்.

சீமா ஜெயச்சந்திரன் ஹரியானாவில் இதை நேரடியாக விசாரித்தார். உங்கள் பிள்ளைக்கு இத்தனை குழந்தைகள்தான் என்று வைத்துக்கொண்டால் அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை வேண்டும் என்று, ஒருவரிடம் ஓர் எண்ணிக்கையும் இன்னொருவரிடம் வேறோர் எண்ணிக்கையுமாகச் சொல்லிக் கேட்டார்கள். எண்ணிக்கை குறையக் குறைய ஆண் பங்கு ஏறிக்கொண்டே போயிற்று. சமீப தசாப்தங்களில் இந்தியாவில் ஆண்–பெண் விகிதம் கெட்டுப்போனதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை, குடும்பம் சிறுத்ததால் வந்தது என்பது அவர் முடிவு. பணமும் படிப்பும் வந்தால் இந்த நோய் தானே தீர்ந்துவிடும் என்று நம்பியிருப்பவர்களுக்கு இது நல்ல செய்தியல்ல. பணமும் படிப்பும் வந்தால் முதலில் நடப்பது குடும்பம் சிறுப்பதுதான். ஹரியானா ஏழை மாநிலமும் அல்ல.

ஹரியானாக்காரர்களைச் சொல்லிச் சிரிப்பதற்கில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்கு ஹரியானாவில் பெண்கள் 834. பிழைக்க வந்த இந்த மகாராஷ்டிரத்தில் 894. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைக் கட்டுப்படுத்த 1988-லேயே, மற்ற மாநிலங்களுக்கெல்லாம் முன்பு, சட்டம் செய்த மாநிலம் இது. மத்திய சர்க்கார் சட்டம் செய்தது 1994-ல்தான். இருந்தும் 2001-ல் 913 ஆக இருந்தது பத்து வருஷத்தில் 894 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 943. மற்ற இரண்டையும் பார்க்க அது தேவலை என்றாலும், உசிலம்பட்டிப் பக்கத்திலும் சேலம், தர்மபுரி ஜில்லாக்களிலும் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்று 1992-ல் வரவேண்டியிருந்தது எதற்காக? இன்று தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரி இரண்டு குழந்தைகூட இல்லை. மேலே போட்ட பதினாறு வீட்டுக் கணக்கு தமிழனுக்கும் பொருந்தும்.

நோயைச் சொல்லிக்கொண்டே போனால் போதுமா, எங்கேயாவது தீர்ந்திருக்கிறதா என்று கேட்டால், பக்கத்திலிருக்கும் இலங்கையைக் காட்டலாம். அதுவும் இவருடைய ஆராய்ச்சிதான். அட்ரியானா லெராஸ் மூனி என்பவருடன் சேர்ந்து 2009-ல் வெளியிட்டது. 1946-க்கும் 1953-க்கும் இடையே இலங்கையில் பிரசவத்தில் தாய் இறந்துபோகும் அபாயம் 70 சதவிகிதம் குறைந்தது. ஏழே வருஷத்தில். ஆஸ்பத்திரிகள் பெருகின, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கிராமங்களுக்குப் போனார்கள், புது மருந்துகள் வந்தன. அதனால் தாய்மார் பிழைத்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அந்த வருஷங்களில் பள்ளி வயதில் இருந்த சிறுமிகளின் படிப்பு 4 சதவிகிதம் கூடியது, எழுத்தறிவு 2.5 சதவிகிதம் கூடியது.

அதே காலத்தில்தான் இலங்கையில் டி.டி.டி. தெளித்து மலேரியாவை ஒடுக்கினார்கள். இலவசக் கல்வியும் வந்தது. அவற்றால் படிப்பு கூடியிருக்கக் கூடாதா? கூடியிருக்கலாம். ஆனால் மலேரியா ஒழிந்ததும் சம்பளம் ஒழிந்ததும் பையன்களுக்கும் சேர்த்துத்தான். பிரசவ அபாயம் பெண்ணுக்கு மட்டும் உள்ளது. ஆகவே எந்த ஜில்லாவில் தாய் மரணம் அதிகமாகக் குறைந்ததோ அந்த ஜில்லாவில், பையன்களோடு ஒப்பிடும்போது சிறுமிகளின் படிப்பு எவ்வளவு கூடியது என்று பார்த்தார்கள். அப்படிக் கழித்துப் பார்த்தபின் மிஞ்சியதுதான் மேலே சொன்ன கணக்கு.

இதன் அர்த்தத்தைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். அக்காளும் சித்தியும் பிரசவத்தில் போய்விட்ட ஊரில், எட்டு வயதுச் சிறுமியைப் பார்த்து அவள் தகப்பன் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம் இருந்திருக்கிறது. அந்தப் பயம் விலகியதும் அவளை இன்னும் ஒரு வகுப்பு படிக்கவைத்தான். சிலேட்டுக்கும் பிரசவ வார்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்தக் கல்வி மந்திரியும் சொன்னதாகத் தெரியவில்லை. சுகாதாரத்துக்கு ஒரு இலாகா, கல்விக்கு ஒரு இலாகா என்று பிரித்துவைத்துப் பழகிவிட்ட சர்க்கார்களுக்கு இது புதுப் பாடம்.

மும்பைத் தமிழர்களிடையே உள்ள நிலைமைக்கு வருவோம். இங்கே பெண்ணின் படிப்பு நிற்பது பெரும்பாலும் பணத்தால் அல்ல, தூரத்தால். பக்கத்துப் பள்ளியில் இருக்கிற வகுப்பு வரை அவள் படிப்பாள். அதற்கு மேல் தமிழ் மீடியம் வேண்டுமானாலும் இங்கிலீஷ் மீடியம் வேண்டுமானாலும் ரயிலேறிப் போகவேண்டும் என்றால், பையனுக்கு சீசன் டிக்கெட் எடுக்கிறார்கள். பெண்ணை ஊரில் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அல்லது வீட்டோடு நிறுத்திக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கூட்டத்தில் எப்படி அனுப்புவது, காலம் கெட்டுக்கிடக்கிறதே என்பார்கள். பயம் நியாயமானதுதான், கேலி செய்வதற்குரியதல்ல. பீகாரிலும் அதே பயம் இருந்தது. அங்கே 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சர்க்கார் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு நிபுணர்கள் ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் தொகை அதனால் 32 சதவிகிதம் கூடியது என்று கண்டார்கள். பள்ளி தூரத்தில் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். சைக்கிள் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. தூரத்தை மட்டும் குறைத்தது. பெண்கள் கும்பலாகப் போனதால் பயமும் கொஞ்சம் குறைந்தது.

மும்பையில் சைக்கிளுக்குப் பதில் லோகல் ரயில் இருக்கிறது. பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டை ரயில்வே மாணவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. பையனுக்குப் 12-ம் வகுப்பு வரை. பெண்ணுக்குப் பட்டப் படிப்பு முடியும் வரை. 2020-ல் கொரோனா காலத்தில் முதியோர் சலுகை உள்படப் பல சலுகைகளை ரயில்வே நிறுத்திவிட்டாலும் மாணவர் சலுகையை நிறுத்தவில்லை. மற்ற எத்தனையோ விஷயங்களில் குறை சொல்லப்படும் ரயில்வே, இந்த ஒரு விஷயத்தில் மகனைவிட மகளுக்கு மூன்று வருஷம் அதிகமாகக் கொடுத்திருக்கிறது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வருகிறவர்கள்தான் குறைவு.

பயம் பெண்ணின் பக்கத்தில் இருந்தாலும் பயத்துக்குக் காரணம் பையன்கள் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? அதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது, மறுபடியும் ஹரியானாவில். திவா தர், தருண் ஜெயின் ஆகியோருடன் சேர்ந்து சீமா ஜெயச்சந்திரன் நடத்திய ஆராய்ச்சி அது. 314 சர்க்கார் பள்ளிகளை எடுத்து, அவற்றில் ஒரு பகுதியை மட்டும் சீட்டுப் போட்டதுபோலத் தேர்ந்தெடுத்தார்கள். பிரேக்த்ரூ என்ற தொண்டு ஸ்தாபனம் அந்தப் பள்ளிகளில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பையன்களையும் பெண்களையும் சேர்த்து உட்காரவைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை முக்கால் மணி நேரம் பேசவைத்தது. வீட்டு வேலை யார் செய்வது, அக்காவை ஏன் நிறுத்தினார்கள், தெருவில் போகும் பெண்ணைக் கிண்டல் செய்வது என்ன வீரம் என்ற மாதிரி விவாதங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தது. பிற்போக்கான அபிப்பிராயங்களில் 16 சதவிகிதம் மாறியிருந்ததாகக் கண்டார்கள். திட்டம் முடிந்து இரண்டு வருஷம் கழித்துப் போய்க் கேட்டபோதும் மாறியது மாறியபடியே இருந்தது.

16 சதவிகிதம் ஒரு பெரிய தொகையா என்று உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் பாட்டன் காலத்திலிருந்து ஊறிப்போனதில் ஆறில் ஒரு பங்கு, மூன்று வாரத்துக்கு ஒரு பீரியடில் கரைந்தது என்றால் சாமானியமல்ல. பையன்கள் வீட்டு வேலையில் முன்னைவிட ஒத்தாசை செய்வதாகவும் சொன்னார்கள். இது பையன்களே தங்களைப் பற்றிச் சொன்னது. அவர்களுடைய அம்மாக்கள் என்ன சொல்வார்களோ! ஆராய்ச்சியாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அதை மறைக்கவும் இல்லை. இன்னொரு விவரம் அதைவிட முக்கியம். எவ்வளவு படிக்க ஆசை என்று பெண்களைக் கேட்டதில் திட்டத்தால் பெரிய மாறுதல் இல்லை. காரணம், அவர்களுடைய ஆசை முதலிலிருந்தே பெரிதாகத்தான் இருந்தது. அவர்களுக்குப் போய்ப் படிப்பின் அருமையைப் போதிக்கத் தேவையிருக்கவில்லை.

மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விழா, பட்டிமன்றம், பரிசளிப்பு எல்லாம் குறைவற நடக்கின்றன. பட்டிமன்ற மேடையில் பெண்ணின் பெருமை பேசாத வருஷம் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்கள் தங்கள் பேட்டையில் எத்தனை பேர் என்று ஒரு சங்கமாவது வீடு வீடாகப் போய் எண்ணியிருந்தால் இந்தத் தலையங்கத்தில் அமெரிக்கப் பேராசிரியர் கணக்கோடு அந்தக் கணக்கையும் சேர்த்திருக்கலாம். எண்ணுவது பெரிய வித்தையல்ல. நோட்டுப் புத்தகம் ஒன்றும், ஞாயிற்றுக்கிழமை நாலைந்தும், கூச்சப்படாமல் கதவைத் தட்டக்கூடிய இரண்டு வாலிபர்களும் இரண்டு பெண்களும் போதும். எந்த வீட்டில் எந்தக் காரணத்தால் நின்றாள் என்று எழுதிக்கொண்டு வந்தால், தூரத்தால் நின்றவர்கள் யார், தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றவர்கள் யார் என்று தனித்தனியே தெரியும். முன்னவர்களுக்கு ரயில்வே வழி வைத்திருக்கிறது. பின்னவர்களுக்குப் பகலில் குழந்தையை விட்டுப்போக ஓர் இடம் வேண்டும். அங்கன்வாடி பக்கத்தில் இருக்கிறதா, இருந்தால் திறந்திருக்கிறதா என்பதைச் சங்கத்துக்காரர்கள் போய்ப் பார்க்கலாம்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். அட்மிஷன் சமயத்தில் மகன் பேரில் மட்டும் பாரம் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள், மகளுக்கும் ஒன்று கேட்டு வாங்க இன்னும் அவகாசம் இருக்கிறது. இலவச சீசனுக்குப் பள்ளித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சர்ட்டிபிகேட் வேண்டும். அதை ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்தால் போதும்.